கற்கண்டுக்குள் ஒன்றரை ஏக்கர்
(கிளிநொச்சியில் ஒரு வாசிகசாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். கூட்டம் தொடங்க முன்னமே முன்வரிசை ஐயா ஒருவர் கேட்டுவிட்டார்: "நனோ நனோ எண்டு சொல்லுறீர் தம்பி, அதாலை என்ர வயலுக்கு என்ன?"

சரி, வயலுக்கே போவோம். அதற்கு முன் இந்தக் கற்கண்டைப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் என்று வைப்போம். ஆறு முகமும் சேர்ந்தால் ஆறு சதுர சென்ரிமீற்றர், ஒரு முத்திரை அளவுதான். இதை ஒரு நனோமீற்றர்க் கட்டிகளாக வெட்டுவதாக நினையுங்கள். ஒரு மீற்றரை 100 கோடி கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் நனோமீற்றர். நிறை அதேதான். ஆனால் அத்தனை கட்டிகளின் முகங்களையும் விரித்தால் 6000 சதுர மீற்றர் வரும். ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர்! வேறு பொருள் வந்து ஒட்டிப் பிடிக்க அவ்வளவு இடம்.

இனி யூரியா. எறிந்த கையோடு கரைகிறது. பயிர் எடுப்பது ஒரு பங்கு. மிச்சத்தில் கொஞ்சம் அமோனியாவாகிக் காற்றோடு, கொஞ்சம் வாய்க்காலோடு. காசு கொடுத்து வாங்கி ஊருக்கு எறிகிறோம். ஹோமாகமவில் இருக்கும் இலங்கை நனோதொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2017 இல் இதற்கு ஒரு வழி எழுதினார்கள். எங்கள் எலும்பிலும் பல்லிலும் இருக்கிற ஹைட்ரொக்சிஅபற்றைற்று என்ற கனிமத்தை நனோ துகளாக்கி, ஒரு பங்கு துகளில் ஆறு பங்கு யூரியாவைப் பிடிக்க வைத்தார்கள். தனி யூரியா தண்ணீரில் சில நிமிடத்தில் கரைந்து தீரும். இதிலிருந்து கழன்று முடிய ஒரு கிழமை வரை ஆனது. நெல்வயலில் பாதி யூரியாவோடு விளைச்சல் குறையவில்லை. 2021 இல் அரசாங்கம் ரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது ஒரு மூடைக்கு அலைந்தவர்களுக்கு அந்தப் 'பாதி' என்னவென்று தெரியும்.

துகளை வெட்டாமல், உள்ளே அறை அறையாகக் கட்டியும் முகத்தைப் பெருக்கலாம். 2025 இன் இரசாயன நோபல் பரிசு கிட்டகாவா, றொப்சன், யாகி மூவருக்கும் அதற்குத்தான். உலோக அணுக்களைக் காபன் சேர்வைகளால் கோத்த கூடுகள் அவை. அவற்றில் சில, பாலைவனக் காற்றின் ஈரத்தை இரவில் பிடித்து, வெயில் ஏறத் தண்ணீராக விடுகின்றன. ஆவணியில் கிணறு வற்றுகிற எங்களுக்குக் கேட்கவே ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஐயா, அந்த நனோ யூரியாவை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயும் மண்ணில், வரம்புக்கு இந்தப்பக்கம் வழமையான யூரியா, அந்தப்பக்கம் இது என்று ஒரு காலபோகம் முழுக்கச் செய்து பார்க்கவேண்டும். மூடை என்ன விலை என்பதையும் அப்போதுதான் பேசலாம்.