ஃபிலிம் கண்டென்சருக்கு வெளிப்பக்கம் எது?

[திரையில்: மேசை மேல் மூடி கழற்றிய பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர்]

இது உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ரேடியோ செட் அண்ணனுடையது. ஒரு காலத்தில் ஊர்ப் பொங்கலுக்கு மரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட ஆம்ப்ளிஃபையர். இப்போது வீட்டில் இசைத்தட்டு கேட்க வைத்திருக்கிறார். உள்ளே இருந்த பழைய பேப்பர் கண்டென்சர்களைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஃபிலிம் கண்டென்சர் போட்டுக் கொடுத்தேன். நாலு நாளில் போன் வந்தது.

“தம்பி, பாட்டு நல்லாத்தான் இருக்கு. பாட்டு நின்னா உம்முனு ஒரு சத்தம் வருது. முன்னாடி இம்புட்டு இல்லையேப்பா?”

தப்பு என்னுடையது. ஒரு கண்டென்சரைத் தலைமாற்றிப் பற்றவைத்திருந்தேன்.

“ஃபிலிம் கண்டென்சருக்கு ஏதுங்க பிளஸ் மைனஸ்?” என்று நீங்கள் கேட்கலாம். கிடையாதுதான். பிளஸ் மைனஸ் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரை மாற்றிப் போட்டால் சூடாகி வெடிக்கும். ஃபிலிம் கண்டென்சரை எப்படிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. நான் சொல்வது வேறு. இதற்குத் துருவம் இல்லை, ஆனால் வெளிப்பக்கம் என்று ஒன்று உண்டு.

[திரையில்: சிவப்பு, பச்சை கோரைப்பாய் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக விரித்துச் சுருட்டுவது]

இரண்டு பாயையும் சேர்த்துச் சுருட்டினால் வெளியே ஒரு நிறம்தான் தெரியும். மற்றது உள்ளே போய்விடும். கண்டென்சருக்குள்ளும் இதே கதை. இரண்டு உலோகத் தகடு, நடுவில் பிளாஸ்டிக் ஃபிலிம், எல்லாம் ஒன்றாகச் சுருட்டியது. கடைசிச் சுற்றில் வெளியே நிற்பது ஒரு தகடுதான். இரண்டு காலில் ஒன்று அந்த வெளித் தகட்டில் சேர்ந்திருக்கும். எது என்பதுதான் கேள்வி.

வெளித் தகடு கண்டென்சரைச் சுற்றிப் போர்வை மாதிரி இருக்கிறது. பக்கத்தில் ஓடும் ஹீட்டர் ஒயர் (வால்வைச் சூடாக்குவது), டிரான்ஸ்ஃபார்மர் ஒயர் எல்லாவற்றின் 50 ஹெர்ட்ஸ் கரண்டு இரைச்சலையும் முதலில் வாங்குவது அதுதான். வாங்கிய இரைச்சலுக்குப் போக வழி இருந்தால் போய்விடும். கண்மாயில் மடை திறந்திருந்தால் தண்ணீர் நிற்குமா? இம்பிடன்ஸ், அதாவது ஏசி கரண்டுக்கு உள்ள தடை, குறைந்த பக்கம்தான் திறந்த மடை.

இந்த ஆம்ப்ளிஃபையரையே எடுத்துக்கொள்வோம். முதல் வால்வு 12ஏஎக்ஸ்7. அதன் பிளேட்டில், அதாவது சிக்னல் வெளியே வரும் முனையில், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், வால்வின் உள் எதிர்ப்பு சுமார் 62 கிலோ ஓம். இரண்டும் பக்கவாட்டில் சேர்ந்தால் 38 கிலோ ஓம் வரும். அங்கிருந்து 0.022 மைக்ரோஃபாரட் கண்டென்சர் வழியாக அடுத்த வால்வின் கிரிட்டுக்கு, அதாவது உள்ளே நுழையும் முனைக்கு, சிக்னல் போகிறது. கிரிட்டில் இருப்பது 1 மெக் ஓம். வெளித் தகடு கிரிட் பக்கம் இருந்தால், அது வாங்கிய 50 ஹெர்ட்ஸ் வெளியேற கண்டென்சரையே தாண்டிப் பிளேட்டுக்கு வர வேண்டும். அந்த அலைவரிசையில் இந்தக் கண்டென்சர் மட்டுமே சுமார் 145 கிலோ ஓம். பிளேட் பக்கம் திருப்பிவிட்டால் நேரே 38 கிலோ ஓம்தான். கண்டென்சர் வாங்கும் இரைச்சல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும்.

அதனால் இரண்டு வால்வுக்கு நடுவில் என்றால் வெளித் தகடு முந்தைய வால்வின் பிளேட் பக்கம். ஒரு கால் கிரவுண்டுக்குப் போகும் இடத்தில், உதாரணமாக டோன் கண்ட்ரோலில், யோசிக்கவே வேண்டாம்: வெளித் தகடு கிரவுண்டுக்கு.

எந்தக் கால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய பேப்பர் கண்டென்சரில் ஒரு முனையில் பட்டைக் கோடு போட்டிருப்பார்கள், அதுதான் வெளித் தகடு. இப்போதும் சிலர் கோடு போடுகிறார்கள். பெரும்பாலானதில் கோடே கிடையாது. நான் விழுந்த குழி என்னவென்றால், உடம்பில் 223, 400 வோல்ட் என்று எழுத்து எந்தப் பக்கம் தொடங்குகிறதோ அதுதான் வெளிப்பக்கம் என்று யாரோ சொன்னதை நம்பியது. எழுத்து எழுத்துதான். ஒரே பாக்கெட்டில் வாங்கிய பத்தைச் சோதித்தேன், எழுத்துக்கும் தகட்டுக்கும் ஒத்துப்போகவே இல்லை. மல்ட்டிமீட்டரும் உதவாது, இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் காட்டும்.

[திரையில்: ஆஸிலோஸ்கோப், புரோப் முனையும் கிரவுண்ட் கிளிப்பும் கண்டென்சரின் இரு கால்களில்]

ஸ்கோப் (சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் கருவி) இருந்தால் ஒரு நிமிட வேலை. அதன் புரோபை, அதாவது சிக்னலை எடுக்கும் ஒயரை, 1எக்ஸில் வையுங்கள். 10எக்ஸில் வைத்தால் இருக்கிற கொஞ்ச சிக்னலும் பத்தில் ஒன்றாகிவிடும். ஒரு காலில் முனை, மற்றதில் கிரவுண்ட் கிளிப். ஒரு கட்டத்துக்கு 5 அல்லது 10 மில்லிவோல்ட் அளவில் வையுங்கள். இப்போது கண்டென்சரின் உடம்பை விரல்களால் நன்றாகப் பிடியுங்கள், காலைத் தொட வேண்டாம். வீட்டு ஒயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் நம் உடம்பில் எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கிறது. அது விரல் வழியாக வெளித் தகட்டுக்கு இறங்கும். திரையில் அலை தெரியும்.

அப்புறம் கால்களை மாற்றி மாட்டுங்கள். எந்த முறை அலை சின்னதாக இருக்கிறதோ, அந்த முறை கிரவுண்ட் கிளிப் மாட்டியிருந்த கால்தான் வெளித் தகடு. மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். சின்ன மதிப்பில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 1 மைக்ரோஃபாரட் போன்ற பெரியதில் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும்; விரலுக்குப் பதில் சால்டரிங் அயர்னின் ஒயரை, இன்சுலேஷன் நன்றாக இருந்தால் மட்டும், கண்டென்சர் மேல் படுக்க வைத்துப் பாருங்கள்.

ஸ்கோப் இல்லையா? மூன்று பின் பிளக்கில் எர்த் சரியாக உள்ள ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரும் கித்தார் கேபிளும் போதும். கேபிள் முனையில் நடு ஒயருக்கும் ஷீல்டுக்கும் குறுக்கே கண்டென்சரை வைத்துப் பிடியுங்கள். வால்யூமைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். சத்தம் குறைவாக உள்ள முறையில் ஷீல்டில் இருந்த கால் வெளித் தகடு. கழற்றிய கண்டென்சரை மட்டும் இப்படிச் சோதியுங்கள். வால்வு ஆம்ப்ளிஃபையருக்குள் 250, 300 வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்ட்டர் கண்டென்சரில் தங்கியிருக்கும். அதை ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

இரண்டு முறையும் ஒரே மாதிரி வந்தால் குழம்ப வேண்டாம். சில பெட்டி வடிவக் கண்டென்சர்கள் சுருட்டியவை அல்ல, அடுக்கியவை. அவற்றில் வெளிப்பக்கம் தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்பீக்கர் பெட்டியின் கிராஸ்ஓவரிலும் (சத்தத்தைப் பிரித்துச் சின்ன, பெரிய ஸ்பீக்கருக்கு அனுப்பும் பகுதி) அப்படித்தான். 4 ஓம், 8 ஓம் இருக்கும் இடத்தில் இந்த இரைச்சல் எங்கே நிற்கும்? அங்கே திருப்பிப் போட்டதும் குரல் இனிமையாகிவிட்டது என்று யாராவது சொன்னால், நான் சிரித்துவிட்டு டீ சொல்லிவிடுவேன்.

[திரையில்: கண்டென்சரைக் கழற்றித் திருப்பிப் பற்றவைப்பது]

சரி, அண்ணனின் ஆம்ப்ளிஃபையருக்கு வருவோம். முதல் வால்வின் கண்டென்சர் ஹீட்டர் ஒயரை ஒட்டியே படுத்திருந்தது. அதைத் திருப்பினேன், ஒயரிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி வைத்தேன். இரண்டும் சேர்ந்து நல்ல மாற்றம் தந்தன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். இப்போது கேளுங்கள்.

[ஒலி: முன்பு, பின்பு]

இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது, கவனித்தீர்களா? அது 50 இல்லை, 100 ஹெர்ட்ஸ். கொஞ்சம் முரட்டுச் சத்தம். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால் இருக்கிற பழைய ஃபில்ட்டர் கண்டென்சர் வற்றிப்போயிருக்கிறது. அதற்கு எந்த ஃபிலிம் கண்டென்சரைத் திருப்பியும் பயனில்லை. அண்ணனிடம் சொன்னேன். “பங்குனிப் பொங்கலுக்குள்ள குடுத்துருவியாப்பா?” என்று மட்டும் கேட்டார்.