காவல்காரனை உறங்கவைக்கும் மார்பின்

நேயர்களுக்கு வணக்கம்.

கட்டில் காலில் சுண்டுவிரல் இடித்தால் உயிரே போகிறது. ஆனால் துரத்தும் நாய்க்குப் பயந்து ஓடும்போது அதே விரல் கல்லில் மோதி நகம் பெயர்ந்தாலும், ஓடி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் வலி தெரிகிறது. காயத்திலிருந்து வரும் செய்தியை மூளை அப்படியே ஏற்பதில்லை, வழியிலேயே அடக்கவும் அதற்குத் தெரியும். அடக்கும் இடங்களில் முக்கியமான ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அந்த இடம் நடுமூளையில் இருக்கிறது. அங்கே மூளைத் தண்டுவட நீர் ஓடும் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. அதைச் சுற்றி உறை போட்டதுபோல் சாம்பல் நிறத் திசு. மருத்துவர்கள் பி.ஏ.ஜி. என்பார்கள். நாம் 'குழாய்சூழ் சாம்பல் பகுதி' என்று வைத்துக்கொள்வோம்.

1969-ல் டேவிட் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் எலியின் இந்தப் பகுதியில் மின்முனையைச் செருகி மின்சாரம் பாய்ச்சினார். மயக்க மருந்து எதுவும் தராமலே வயிற்றைத் திறந்து அறுவை செய்ய முடிந்தது. பலர் நம்பவில்லை. 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலின் என்ற பொருளைப் பிரித்தார்கள். ஐந்தே அமினோ அமிலம் கோத்த சின்னச் சங்கிலி, ஆனால் அபினியிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்பின் போய் ஒட்டும் அதே ஏற்பியில், அதாவது நரம்பணுவின் மேலுள்ள அதே ஒட்டிடத்தில், ஒட்டுகிறது. மூளை தானே மார்பின் போன்ற பொருளைச் செய்கிறது என்று அர்த்தம். அடுத்த ஆண்டே இன்னொரு சான்று வந்தது. மார்பினை முறிக்கும் நாலாக்சோனைக் கொடுத்தால், மின்சாரம் தந்த வலிமரப்பும் ஓரளவு கலைகிறது. ஓரளவுதான், முழுவதும் அல்ல. அந்த 'ஓரளவு' முக்கியம். மார்பின் வழியைத் தவிர வேறு வழியும் அங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். மார்பின் வலி நரம்பை நேராக அமுக்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தண்டுவடத்தில் அதுவும் நடக்கிறது. நடுமூளையில் நடப்பது வேறு. வலியை அடக்க ஆணை அனுப்பும் நரம்பணு அங்கே தயாராக இருக்கிறது. பக்கத்தில் காவல்காரன் போல இன்னொரு நரம்பணு, காபா என்ற வேதிப்பொருளை ஓயாமல் கசியவிட்டு அதை எழவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. மார்பின் ஒட்டுவது இந்தக் காவல்காரன் மேல்தான். ஒட்டியதும் காபா கசிவது குறைகிறது. பிடி தளர்கிறது, ஆணை கிளம்புகிறது. மறுபடியும் சொல்கிறேன், படம் வரைந்து காட்ட முடியாதே: மார்பின் யாரையும் எழுப்பவில்லை, எழவிடாதவனை உறங்கவைக்கிறது. நம்பிக்கை வரவில்லையா? மார்பினே இல்லாமல், காபாவின் ஏற்பியை மட்டும் அந்த இடத்தில் அடைத்தாலும் விலங்குகளுக்கு வலி குறைகிறது.

கிளம்பிய ஆணை நேரே தண்டுவடத்துக்குப் போவதில்லை. மூளையின் அடியில், தண்டுவடத்துக்குச் சற்று மேலே உள்ள முகுளத்தில் ஒருமுறை இறங்கி, அங்கிருந்து வேறு வண்டி பிடித்துத் தண்டுவடத்தின் பின்கொம்புக்குப் போகிறது. காயத்தின் செய்தி முதலில் வந்து சேரும் வாசல் அதுதான். ஒரு விஷயம், முகுளத்தில் வலியைக் குறைக்கும் அணுக்களோடு கூட்டும் அணுக்களும் இருக்கின்றன. இந்த வழி இரு திசையிலும் திருகக்கூடிய குழாய்.

அப்படியானால் மின்முனையை எல்லோருக்கும் வைத்துவிடலாமே என்று கேட்கலாம். மனிதர்களுக்கு வைத்தும் பார்த்தார்கள். சிலருக்கு வலி குறைந்தது, சிலருக்குக் காரணமில்லாத பீதி வந்தது. ஓடு, அசையாமல் உறைந்து நில், எதிர்த்து நில் என்ற தற்காப்பு ஆணைகளும் இதே பகுதியிலிருந்துதான் கிளம்புகின்றன. மின்முனை கொஞ்சம் விலகினால் போதும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மார்பின் பழகிப்போய் அளவு ஏறுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இன்று முடியாது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நரம்பு வலிக்கு, மனச்சோர்வுக்கும் தரும் மாத்திரைகளான அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெட்டின் எழுதித் தந்தால், 'எனக்கென்ன மனநோயா' என்று பதறாதீர்கள். மேலிருந்து இறங்கும் இந்த அடக்கும் வழி தண்டுவடத்தில் நார்அட்ரினலினையும் செரோட்டோனினையும் கொட்டுகிறது. கொட்டியதைச் சீக்கிரம் உறிஞ்சவிடாமல் வைப்பதே அந்த மாத்திரைகளின் வேலை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மூன்றாம் நாளே கேட்கவில்லை என்று நிறுத்தாதீர்கள். நிறுத்துவதானாலும் மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறையுங்கள். வணக்கம்.