நேரலை முடிந்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆராதனை முடிந்து போதகர் ஆசீர்வாதம் சொன்னதும், கேமராவோடு நிற்பவர் நேரலையை நிறுத்திவிட்டு வயரைச் சுருட்ட ஆரம்பிப்பார். நானும் பல வருடம் அப்படிச் சுருட்டியவன்தான். காணொலி யூடியூபில் இருக்கிறது, ஃபேஸ்புக்கில் இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது என்ற நினைப்பு.

போகும். 2025 பிப்ரவரி 19 முதல், ஃபேஸ்புக்கில் ஒளிபரப்பும் நேரலை 30 நாள்தான் அங்கே இருக்கும், பிறகு அழிந்துவிடும். யூடியூபோ, 12 மணி நேரத்தைத் தாண்டும் நேரலையைத் தானாகச் சேமிப்பதில்லை. இரவு பகலாகச் சங்கிலி ஜெபம் நடத்தும் சபைகள் இதைக் கவனிக்க வேண்டும். பாட்டுக்கு யாரோ உரிமை கோரினால் முழு ஆராதனையும் முடக்கப்படலாம்.

அதனால், ஒளிபரப்பும்போதே நம் கணினியிலும் ஒரு பிரதி பதிவாகட்டும். நேரலை ஒளிபரப்ப உதவும் ஓபிஎஸ் போன்ற இலவச மென்பொருளிலேயே அந்த வசதி உண்டு. எம்பி4, எம்கேவி இரண்டும் காணொலிக் கோப்பு வகைகள். பதிவை எம்பி4 ஆக வைக்காமல் எம்கேவி ஆக வையுங்கள். பாதியில் கரண்ட் போனால் சாதாரண எம்பி4 கோப்பு பெரும்பாலும் திறக்காது. எம்கேவியில் அதுவரை பதிவானது மிஞ்சும். அப்புறம் அதே மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

இடம் எவ்வளவு பிடிக்கும்? நொடிக்கு 6 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒன்றரை மணி நேர ஆராதனைக்குச் சுமார் 4 ஜிபி. வருடத்தின் 52 ஞாயிறுக்கும் சேர்த்து 210 ஜிபி அளவுக்கு வரும். ஒரு டிபி ஹார்டு டிஸ்க் நாலு வருடத்துக்கு மேல் தாங்கும். ஆனால் இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று ஆலயத்தில், மற்றது வேறு கட்டிடத்தில். வருடம் ஒரு முறையாவது இரண்டையும் செருகி, நாலைந்து கோப்புகளை ஓடவிட்டுப் பாருங்கள்.

கோப்பின் பெயரில் வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் முதலில் எழுதி, பிறகு வேதபகுதி, பேசியவர் பெயர் என்று போடுங்கள். ‘சண்டே நியூ ஃபைனல் 2’ என்று நான் வைத்த ஒரு கோப்பில் யார் பிரசங்கம் இருக்கிறது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்து வைக்கவும் வேண்டாம் என்பது என் எண்ணம். ஜெப விண்ணப்பத்தில் ஒரு சகோதரியின் பெயரையும் அவருடைய நோயையும் சொல்கிறோம். கூடியிருப்பவர்கள் கேட்டு ஜெபிக்கத்தான் அது. இணையத்தில் அது வருடக்கணக்கில் கிடந்தால், நாளை அவருக்கு வேலை கொடுப்பவரும் பார்ப்பார். கண்ணீரோடு சொல்லும் சாட்சியும், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் முகங்களும் அப்படித்தான். அந்தப் பகுதிகளை வெட்டிவிட்டுப் பிரசங்கத்தை மட்டும் பொதுவில் வைத்தால் போதும். முழுப் பதிவு சபையின் டிஸ்கில் இருக்கட்டும். யாராவது ‘என் பகுதியை எடுத்துவிடுங்கள்’ என்று கேட்டால், காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, சேனல் யார் பெயரில் இருக்கிறது? எங்கள் சபையில் ஆர்வமுள்ள ஒரு தம்பி தன் சொந்த மின்னஞ்சலில் அதைத் தொடங்கினார். வேலை கிடைத்து வேறு ஊர் போனார், கைப்பேசி எண்ணையும் மாற்றிவிட்டார். உள்ளே நுழைய வேண்டிய குறியீடு பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது. இப்போது சேனல் சபையின் மின்னஞ்சலில் இருக்கிறது. பாஸ்வேர்டு எழுதிய உறை, ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும் அதே பீரோவில்.