ஆபத்துக்குப் பாவமில்லை: மரணத்துக்குப் பின் உறுப்பு தானம் பற்றி நம்மவர்க்குச் சில சொற்கள்

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.

மதிப்புக்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து இந்த அவைக்குக் கண்ணியம் சேர்த்திருக்கும் உலமா பெருமக்களே, ஜமாஅத் நிர்வாகிகளே, இரவுப் பணி முடிந்த களைப்போடும் வந்திருக்கும் மருத்துவர்களே, செவிலியர்களே, பெண்கள் பகுதியில் பொறுமையாகக் காத்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, இளைஞர்களே!

ஆலிம்களும் மருத்துவர்களும் ஒரே மேடையில் உட்கார்வது அரிது. இவர் பேசும்போது அவர் இருப்பதில்லை, அவர் பேசும்போது இவர் இருப்பதில்லை. இரு தரப்பையும் அழைத்து உட்கார வைத்த தலைவருக்கும், விழாக்குழுவினருக்கும் முதலில் நன்றி. இந்தத் தலைப்புக்குத் தலையசைத்த ஹஜ்ரத் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

மூன்று விஷயங்களைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, மார்க்க அறிஞர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள். இரண்டு, மூளைச்சாவு என்றால் என்ன. மூன்று, உறுப்பு வியாபாரம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நம் முன்னோர் ஒரே வரியில் சொல்லி வைத்தது ஒன்று இருக்கிறது: ஆபத்துக்குப் பாவமில்லை. ஃபிக்ஹு என்னும் மார்க்கச் சட்ட நூல்களைத் திறந்தால் இதே கருத்து சட்ட விதியாகவே நிற்கிறது. தவிர்க்க முடியாத நெருக்கடி, தடுக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்பது அந்த விதி.

அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்களின் செய்தி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவர்களும் இன்னொரு முறை கேளுங்கள். இஸ்லாத்துக்கு முந்தைய காலத்தில் குலாப் என்ற இடத்தில் நடந்த போரில் அவருடைய மூக்கு வெட்டுப்பட்டுப் போனது. அரபு மண்ணில் ஒரு ஆண்மகனுக்கு மூக்கில்லாமல் போவது என்ன நிலை என்று நினைத்துப் பாருங்கள். சபையில் உட்கார முடியாது, எதிரே நிற்பவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவர் வெள்ளியில் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார். கொஞ்ச காலத்தில் அது நாற்றமெடுக்க ஆரம்பித்தது. முகத்தின் நடுவில், சுவாசிக்கும் இடத்தில், நாற்றம்! நபி (ஸல்) அவர்களிடம் விஷயம் வந்தது. பெருமானார் என்ன சொன்னார்கள்? பொறுத்துக்கொள் என்றார்களா? மூக்கில்லாமல் இரு என்றார்களா? தங்கத்தில் மூக்குச் செய்துகொள்ளச் சொன்னார்கள். தங்கம்! ஆண்களுக்கு எதைத் தடுத்தார்களோ, அதே தங்கம். அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவான செய்தி இது. உயிர் போகும் நிலைகூட இல்லை, ஒரு மனிதனின் வேதனைதான். அதற்கே அந்த அனுமதி கிடைத்தது. ஆபத்துக்குப் பாவமில்லை.

தங்கம் வேறு, மனித உறுப்பு வேறு என்று மறுப்பவர்கள் சொல்வார்கள். நியாயமான கேள்விதான். "இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பது போன்றது" என்ற நபிமொழி அவர்களுடைய முதல் ஆதாரம். உடல் நமக்குச் சொந்தமல்ல, இறைவன் ஒப்படைத்த அமானிதம், நமக்குச் சொந்தமில்லாததை எப்படிக் கொடுப்பது என்பது இரண்டாவது. இந்தியத் துணைக்கண்டத்தின் ஹனஃபி சட்டப் பள்ளியைச் சேர்ந்த உலமாக்களில் கணிசமானோர் இந்தக் காரணங்களால் இன்றும் கூடாது என்றே சொல்கிறார்கள். அவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று யாரும் பேசக்கூடாது. மய்யித்தின், அதாவது இறந்தவர் உடலின், கண்ணியத்தைக் காப்பதுதான் அவர்களுடைய கவலை.

ஆகும், அதாவது அனுமதி உண்டு, என்ற தரப்பையும் கேளுங்கள். சவூதியின் மூத்த உலமா சபை 1982-இல் அனுமதித்தது. 1988-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி நிபந்தனைகளோடு தீர்மானம் போட்டது. பெறுபவரின் உயிரோ, உடலின் அடிப்படை இயக்கம் ஒன்றோ அதை நம்பியிருக்க வேண்டும். இறந்தவர் முன்பே அனுமதித்திருக்க வேண்டும், அல்லது வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். விலை பேசக் கூடாது. பிரிட்டனின் முஸ்லிம் ஷரீஆ கவுன்சில் 1995-இல் ஆகும் என்றது. சிங்கப்பூரில் 1987-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் முஸ்லிம்களை விலக்கியே வைத்திருந்தது. ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, வந்த பிறகு 2008 ஆகஸ்டில் அவர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். எலும்பை முறிப்பது பற்றிய நபிமொழி அவமதிப்பைத் தடுக்கிறது, அறுவை அரங்கில் உயிர் காக்க நடப்பது அவமதிப்பாகாது என்பது இவர்கள் வாதம்.

இனி மூளைச்சாவு. நம் குடும்பங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் மகன் நிற்கிறான். தந்தையின் நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை தொட்டால் சூடாக இருக்கிறது, திரையில் இதயத்துடிப்பு ஓடுகிறது. மருத்துவர் "இறந்துவிட்டார்" என்கிறார். எப்படி நம்புவான்? போதாக்குறைக்கு யாராவது ஒருவர் "மெஷின்லதான் உயிரோட வெச்சிருக்கோம்" என்று சொல்லிவிடுகிறார். இந்த ஒரு வாக்கியம் போதும், எல்லாம் கெட்டுப்போகும்.

கோமாவில், மூச்சை இயக்கும் மூளைத் தண்டு வேலை செய்யும், நோயாளி தானாக மூச்சு விடக்கூடும். மூளைச்சாவில், அதாவது மூளைத் தண்டு இறந்த நிலையில், அது கிடையாது. வெளிச்சம் காட்டினால் கண்மணி சுருங்காது, கருவிழியைத் தொட்டால் இமை மூடாது, காதுக்குள் குளிர்நீர் விட்டால் கண் அசையாது, தொண்டையில் குழாய் போட்டு உறிஞ்சினால் இருமல் வராது. கடைசியாக மூச்சுச் சோதனை. ஆக்சிஜன் நிறையக் கொடுத்துவிட்டு வென்டிலேட்டரைக் கழற்றி எட்டுப் பத்து நிமிடம் பார்ப்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 60 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டியும் நெஞ்சு ஒருமுறைகூட அசையவில்லை என்றால்தான் முடிவு. மயக்க மருந்தின் மிச்சமோ உடல் குளிர்ச்சியோ இருந்தால் சோதனையே செய்யக்கூடாது. உறுப்பு மாற்றுக் குழுவினர் இந்தச் சோதனையில் இருக்கக்கூடாது. நீங்கள் கேட்டால் மூச்சுச் சோதனையை அருகில் நின்று பார்க்க அனுமதிக்கும் மருத்துவமனைகள் உண்டு. கேளுங்கள்.

மார்க்க அளவில் இங்கே இரு கருத்து. 1986-இல் அம்மானில் அதே ஃபிக்ஹு அகாடமி மூளையின் முழுச் செயலிழப்பையும் மரணமாக ஏற்றது. 1987-இல் மக்காவின் ஃபிக்ஹு கவுன்சில், வென்டிலேட்டர் கருவியை எடுக்கலாம், ஆனால் இதயமும் மூச்சும் நின்ற பிறகே மரணத் தீர்ப்பு என்றது. நம் ஊர்ப் பேச்சுகளில் இந்த இரண்டாவது கருத்தைச் சொல்லி, "அப்படியானால் எதுவுமே தர முடியாது" என்று முடித்துவிடுகிறார்கள். அது தவறு. இதயம் நின்ற பிறகும் கருவிழியைத் தரலாம். வசதியுள்ள இடங்களில், இதயம் நின்று சில நிமிடங்கள் காத்திருந்து சிறுநீரகத்தையும் எடுக்கிறார்கள். மூளைச்சாவை ஏற்காதவர், தானத்தை ஏற்கலாம்.

கண் தானத்துக்கு நேரம் சுமார் ஆறு மணி. இமைகளை மூடுவது எப்படியும் சுன்னத். அதன் மேல் ஈரப் பஞ்சு வையுங்கள், தலையணையால் தலையைச் சற்று உயர்த்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். விசிறிக் காற்றில் கருவிழி காய்ந்து வீணாகும். எடுக்க அரை மணி நேரம்கூட ஆகாது, முகம் மாறாது. கண்ணாடி அணிந்தவரும், கண்புரை அறுவை செய்தவரும், சர்க்கரை நோயாளியும் தரலாம். வெறிநாய்க்கடி, எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, ரத்தத்தில் கிருமி பரவிய நிலை என்றால் எடுக்க மாட்டார்கள். எடுத்த பிறகுதான் குளிப்பாட்ட வேண்டும்.

குளிப்பாட்டுகிற பெரியவர்களுக்கு, குறிப்பாக இதைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடம் யாரும் பேசுவதில்லை. உறுப்பு எடுத்த உடலில் தொண்டைக் குழியிலிருந்து அடிவயிறு வரை ஒரே தையல் இருக்கும். வழக்கப்படி வயிற்றை மெல்ல அழுத்தாதீர்கள், தையல் வழியே நீர் கசியும். முதலில் தையல் மேல் பஞ்சு வைத்து, நீர் புகாத ஒட்டுத்துணியால் மூடுங்கள். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பாக இருக்கட்டும், தோளிலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். கட்டின் மேல் ஈரக் கையால் தடவும் மஸஹ் போதும் என்பது காயத்துக்கான பொதுச் சட்டம். விவரத்தை உங்கள் ஆலிமிடம் கேட்டு வையுங்கள். கஃபன் துணிக்கு அடியில் ஒரு உறிஞ்சும் துணி விரித்தால் கசிவு வெளியே தெரியாது. ஜனாஸா தொழுகையிலோ கப்ரில் அடக்குவதிலோ ஒரு மாற்றமும் இல்லை. ஒவ்வொரு ஜமாஅத்திலும் நான்கு ஆண்கள், நான்கு பெண்கள் இந்தப் பயிற்சி பெற வேண்டும். எங்கே போனாலும் நான் வற்புறுத்துவது இது. உடல் எப்படித் திரும்பி வரும் என்ற அச்சம் தீர்ந்தால் பாதி மறுப்பு தானே கரையும்.

உறுப்பு வியாபாரம் ஹராம். ஃபிக்ஹு அகாடமி விதித்த நிபந்தனையும் அதுதான்.

இந்தக் கூட்டத்தின் வேலைக்கு வருகிறேன். எடுத்த இதயம் சுமார் 4 மணி நேரம் தாங்கும், நுரையீரல் 6, கல்லீரல் 12, சிறுநீரகம் 24 வரை. எடுப்பதற்கு முன்பே உடலும் காத்திருக்காது. மூளை இறந்ததும் சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் கொட்டும், ரத்த அழுத்தம் சரியும், உப்பு ஏறும். குடும்பம் மாமாவுக்கு ஒரு போன், சாச்சாவுக்கு ஒரு போன் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றுவிடும். தானம் செய்யும் மனமும் இருந்தது, ஃபத்வாவும் இருந்தது, நேரம் போய்விட்டது. பர்சில் உறுப்பு தான அட்டை வைத்திருந்தவருக்கும் இதே கதிதான். வீட்டாருக்குத் தெரியாத அட்டையால் பயனில்லை.

ஆகவே இன்றே ஒரு தாளில் எழுதுங்கள். எந்தெந்த உறுப்புகள் என்று எழுதுங்கள். மூளைச்சாவில் சம்மதமா, இதயம் நின்ற பிறகு மட்டுமா என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் எந்த ஆலிமிடம் கேட்க வேண்டும் என்று பெயர் எழுதுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தவர் அதையும் எழுதுங்கள். பிள்ளைகள் உங்கள் விருப்பத்தை ஊகிக்க வேண்டியதில்லை. மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் அதைப் படித்துக் கையெழுத்திடட்டும். ஆபத்துக்குப் பாவமில்லை; ஆனால் ஆபத்து வந்த பிறகு உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை.

தாள்கள் வாசலில் இருக்கின்றன. அடுத்துப் பேசவிருக்கும் மருத்துவர் அவர்களிடம் மூளைச்சாவு பற்றிய கேள்விகளைக் கேளுங்கள், மார்க்கக் கேள்விகளை ஹஜ்ரத் அவர்களிடம். இவ்வளவு நேரம் கேட்ட உங்களுக்கும் தலைவருக்கும் நன்றி. வஸ்ஸலாமு அலைக்கும்.