வாடகை வீட்டுக் கதவில் வங்கி நோட்டீஸா? மூன்று தேதிகளைப் பாருங்கள்

[திரையில்: கதவில் ஒட்டப்பட்ட அறிவிப்பு]

ஓனர் கடன் கட்டவில்லை. நீங்கள் குடியிருக்கும் வீட்டின் கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டிவிட்டது. இது பெரும்பாலும், அடமானச் சொத்தை எடுத்து வங்கி கடனை வசூலிக்க வழிசெய்யும் 2002-ம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி வரும் சுவாதீன அறிவிப்பு; அதாவது, வீட்டைத் தன் வசம் எடுப்பதாக வங்கி சொல்வது. அன்றைக்கே வீட்டைக் காலி செய்யத் தேவையில்லை. உள்ளே இருப்பவர்களை வெளியேற்ற, வங்கி வழக்கமாக 14-வது பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ உத்தரவு வாங்கும்.

[திரையில்: மூன்று தேதிகள்]

ஓனருக்கு 60 நாள் கெடு வைத்த கேட்பு அறிவிப்பின் தேதி அந்த நோட்டீஸிலேயே இருக்கும். வீட்டை அடமானம் வைத்த தேதி, அடமானம் பதிவாகியிருந்தால் வில்லங்கச் சான்றில் கிடைக்கும். மூன்றாவது, உங்கள் ஒப்பந்தத் தேதி.

அடமானத்துக்கு முன்பே முறையாகக் குடிவந்தவரை, ஒப்பந்தக் காலம் முடியும்வரை வங்கி அசைக்க முடியாது. ஆனால் ஓராண்டுக்கு மேல் உரிமை கேட்டால் ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும். 60 நாள் அறிவிப்புக்குப் பிறகு, வங்கியின் சம்மதமில்லாமல் போட்ட ஒப்பந்தம் நிற்காது.

சிக்கல், அடமானத்துக்கும் 60 நாள் அறிவிப்புக்கும் நடுவில் குடிவந்தவர்களுக்குத்தான். அடமானப் பத்திரத்தில் வேறு நிபந்தனை இல்லாவிட்டால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 65அ பிரிவு பொருந்தும்: கட்டடத்துக்கு அதிகபட்சம் 3 ஆண்டு, நியாயமான வாடகை, முன்கூட்டி வாடகையோ மொத்தத் தொகையோ வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கொடுத்து வாடகையில்லாமல் லீசுக்கு இருப்பவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். ஏலப்பணம் செலவுக்கும் வங்கிக் கடனுக்கும் போன பிறகே மிச்சம். லீசுப் பணத்தை ஓனரிடம்தான் துரத்த வேண்டியிருக்கும்.

[திரையில்: 45 நாட்கள்]

வங்கியின் நடவடிக்கையை எதிர்க்க, 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். சென்னை, கோவை, மதுரையில் தீர்ப்பாயங்கள் உண்டு. வாடகைதாரரின் உரிமையைத் தீர்ப்பாயமே விசாரிக்க சர்ஃபேசி சட்டத்தின் 2016 திருத்தம் வழிசெய்தது. ஒப்பந்தம், வாடகை போன வங்கிக் கணக்கு விவரம், அந்த முகவரியில் வந்த பழைய பில்கள், எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்த வாடகையை நிரூபிப்பது கஷ்டம்.

வாடகையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பாக்கிதாரர் என்ற பெயர்தான் மிஞ்சும். வங்கி எழுத்துமூலம் கேட்டால், ஓனருக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு வங்கிக்குச் செலுத்துங்கள்.

புதிதாக லீசுக்குப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவாகாத அடமானம் அதில் தெரியாது. அதனால் அசல் பத்திரத்தையும் காட்டச் சொல்லுங்கள். நீட்டுவது ஜெராக்ஸ் என்றால், அசல் எந்த வங்கியில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு அட்வான்ஸைப் பற்றிப் பேசுங்கள்.