பானையில் ஒரு பிடி மாவு

நேயர்களுக்கு வணக்கம். தேவையின் நாளில் தேவனுடைய இரக்கம் என்பது இன்றைய பொருள். இதைப் பேசச் சொன்னால் நான் சாறிபாத் ஊர் விதவையிடம்தான் போய் நிற்பேன். தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

கதை வேதத்தில் முதலாம் இராஜாக்கள் புத்தகம் 17ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தேசத்தில் மழை இல்லை. எலியா தீர்க்கதரிசி கேரீத் ஆற்றங்கரையில் ஒளிந்திருக்கிறார். காலையிலும் மாலையிலும் காகங்கள் அவருக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவருகின்றன. இந்தக் காகங்களைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள். ஆனால் அடுத்த வசனத்திலேயே அந்த ஆறு வற்றிவிடுகிறது. தேவன் அனுப்பிய இடம், தேவன் காட்டிய தண்ணீர், அதுவும் வற்றுகிறது! நேற்று உதவி வந்த வழி இன்று அடைபட்டால், ஆண்டவர் நம்மை மறந்துவிட்டார் என்று நினைத்துவிடுகிறோம். எலியாவுக்கோ வேறு வழி திறக்கிறது, "சாறிபாத்துக்குப் போ, உன்னைப் பராமரிக்க ஒரு விதவைக்குக் கட்டளையிட்டேன்" என்று.

சரி, போனால் அங்கே என்ன? அந்த அம்மா ஊர் வாசலில் விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டு மகனோடு சாப்பிட்டுவிட்டுச் செத்துப்போவோம் என்கிறாள். இவளா பராமரிக்கப்போகிறவள்? கட்டளை வந்ததே அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. தன் ஊழியக்காரனை அரண்மனைக்கோ களஞ்சியம் நிறைந்த வீட்டுக்கோ அனுப்பாமல், தேவன் இங்கே அனுப்புகிறார். எனக்கு இதில் ஒன்று தோன்றுகிறது. எலியாவுக்குச் சோறு போடுவது பாதி வேலை. இந்த வீட்டில் இருவர் சாகப்போகிறார்கள் என்பதைத் தேவன் பார்த்துவிட்டார், அதுதான் மீதி.

"முதலில் எனக்கு ஒரு சிறிய அடை பண்ணிக் கொண்டுவா" என்கிறார் எலியா. இந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஏழைகளிடம் காணிக்கை கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு, மறைக்க மாட்டேன். கேட்டவர் வாங்கிக்கொண்டு புறப்பட்டுப் போகவில்லை, ஐயா! அதே வீட்டில் தங்கினார். அதே மாவில் அவரும் சாப்பிட்டார். மாவு தீர்ந்திருந்தால் அவரும் சேர்ந்து பட்டினி கிடந்திருப்பார். அப்படித் தங்கத் தயாராக இல்லாதவர் அந்த வசனத்தைத் தொடாமல் இருப்பது நல்லது.

அப்புறம், பானை நிரம்பியது என்று வேதம் சொல்லவில்லை. நன்றாகக் கவனியுங்கள், நிரம்பியது என்று சொல்லவில்லை. மாவு செலவழிந்துபோகவில்லை, எண்ணெய் குறையவில்லை, அவ்வளவுதான். எலியாவுக்குப் பின்வந்த எலிசா தீர்க்கதரிசியின் காலத்து விதவைக்குப் பாத்திரங்கள் நிரம்பின, எண்ணெயை விற்றுக் கடனை அடைத்தாள். இவளுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு காலையும் பானைக்குள் கைவிட்டுப் பார்த்துத்தான் அன்றைய அடையைச் சுட்டிருப்பாள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த மன்னா என்ற ஆகாரமும் இப்படித்தான். நாளைக்கென்று எடுத்துவைத்தது புழுத்து நாறியது, ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் விலக்கு. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று இயேசு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்ததிலும் இன்று என்றுதான் இருக்கிறது. வருஷத்துக்குச் சேர்த்துக் கேட்கவே நமக்கு ஆசை.

இன்னொன்று. மாவு குறையாத அந்த வீட்டிலேயே மகன் நோயுற்று மூச்சடங்கிப்போகிறான். அவள் எலியாவிடம் சண்டைக்கு வருகிறாள். எலியாவும் அவளுக்குப் புத்தி சொல்லாமல், பிள்ளையை மேல்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், "இந்த விதவைக்கும் துக்கம் வரப்பண்ணினீரோ" என்று தேவனிடமே கேட்கிறார். பிள்ளை பிழைக்கிறான். ஆனால் அந்தக் கேள்விக்கு வேதத்தில் கண்டனம் இல்லை. துக்கத்தில் இருப்பவரிடம் விசுவாசம் போதாது என்று சொல்லும் அவசரக்காரர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இவள் சீதோன் நாட்டுக்காரி, அந்நிய இனத்தவள். நாசரேத் ஜெப ஆலயத்தில் இயேசு இதை நினைவுபடுத்தியதும் கேட்டவர்கள் கொதித்துப்போய் அவரை மலை விளிம்புக்கே தள்ளிக்கொண்டு போனார்கள். இரக்கத்துக்கு நாம் போட்ட வேலியைத் தொட்டால் கோபம் வருகிறது.

ஐயாயிரம் பேருக்கு உணவளித்ததை விரிவாகப் பேசத்தான் குறிப்பு எடுத்து வந்தேன். கடிகாரம் விடவில்லை, ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். கூட்டத்தைப் பார்த்து இயேசு மனதுருகினார். ஜனங்களை அனுப்பிவிடலாம் என்றார்கள் சீஷர்கள். "நீங்களே அவர்களுக்குச் சாப்பிடக் கொடுங்கள்" என்றார் அவர். அவர்கள் கையில் இருந்தது ஐந்து அப்பமும் இரண்டு மீனும். அவர் அதை ஆசீர்வதித்துப் பிட்டு, மறுபடியும் அதே சீஷர்கள் கையில்தான் கொடுத்தார், பரிமாறச் சொல்லி. மீந்த பன்னிரண்டு கூடைகளைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை. வணக்கம்.