தாமர் நஃபார்: லித்தாவின் ராப் பாடகர், நடிகர்

வணக்கம். டெல் அவிவ் பக்கத்தில், விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் ஊர் லோட். பாலஸ்தீனர்களுக்கு அது லித்தா. 1948 ஜூலையில் அந்த ஊர்க்காரர்களில் பெரும்பாலானோரை இஸ்ரேலியப் படை விரட்டியடித்தது. இன்று அங்கே வாழும் பாலஸ்தீனர்கள் இஸ்ரேல் குடிமக்கள்தான். ஆனாலும் வீடு கட்ட அனுமதி கிடைப்பது அரிது. அனுமதி இல்லையென்று புல்டோசர் மட்டும் தவறாமல் வரும். போதைப்பொருள் வியாபாரம் வேறு.

அங்கே 1979-ல் பிறந்தவர் தாமர் நஃபார். அமெரிக்க ராப் பாடகர் டுபாக்கின் பாடல்களைக் கேட்டுக் கேட்டு ஆங்கிலமும் ராப்பும் கற்றவர். 1999-ல் தம்பி சுஹெல், நண்பர் மஹ்மூத் ஜ்ரேரியுடன் 'டாம்' குழுவைத் தொடங்கினார். பாலஸ்தீனத்தின் முதல் ராப் குழு என்று அதைத்தான் சொல்கிறார்கள். 2001-ல் 'யார் பயங்கரவாதி?' என்று கேட்டு இவர்கள் இணையத்தில் விட்ட பாட்டு பத்து லட்சம் முறைக்கு மேல் தரவிறக்கப்பட்டது.

என்னைக் கேட்டால், அதைவிடத் துணிச்சலானது 2012-ல் வந்த பாட்டு. சொந்தக் குடும்பமே கொன்றுவிடும் ஒரு பெண்ணின் கதை. வீடியோ பின்னோக்கி ஓடுகிறது: முதலில் கொலை, அப்புறம் அதற்கு முந்தைய நாட்கள், கடைசியில் அவள் பிறப்பு. இஸ்ரேலின் ஆக்கிரமிப்பை விட்டுவிட்டுக் குடும்பத்தை மட்டும் குறை சொல்வதா என்று சில ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். இரண்டையும் எதிர்ப்போம் என்று டாம் பதில் எழுதியது. அந்தப் பதிலில் எனக்கு முழு உடன்பாடு.

சரி, சினிமாவுக்கு வருவோம். 2016-ல் வந்த 'ஜங்ஷன் 48' படத்தில் தாமர்தான் நாயகன். திரைக்கதையிலும் பங்கு உண்டு. கரீம் என்ற லோட் பையன் ராப் பாடகனாகிறான். அவன் நண்பனின் வீட்டை இடிக்க அரசு வருகிறது. எதற்காக? அந்த இடத்தில் 'சகவாழ்வு அருங்காட்சியகம்' கட்டுவதற்காக! லோட்டின் நிலைமையைப் புரிந்துகொள்ள அந்த ஒரு காட்சி போதும். பெர்லின் திரைப்பட விழாவின் பனோரமா பிரிவில் பார்வையாளர் விருது இந்தப் படத்துக்குத்தான்.

அதே ஆண்டு செப்டம்பரில், அஷ்டோதில் இஸ்ரேலின் ஓஃபிர் திரைப்பட விருது விழா. தாமரும் இஸ்ரேலியக் கவிஞர் யோசி சபாரியும் மேடையேறி, பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் கவிதை வரிகளைச் சேர்த்து நிகழ்ச்சி நடத்தினார்கள். தர்வீஷின் வரிகள் பிடிக்காமல், அன்றைய கலாசார அமைச்சர் மிரி ரெகெவ் எழுந்து வெளியே போய்விட்டார். சிறந்த இசைக்கான விருது அன்றிரவு 'ஜங்ஷன் 48'-க்குக் கிடைத்தது.